ஆழிக்குமரன் ஆனந்தன்: ஒரு சைக்கிளும் இரண்டு கடல்களும்

1979 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் ஒருவர் சைக்கிளில் ஏறினார். அவர் தன் முயற்சியை முடித்துக்கொண்டு இறங்கியபோது திகதி 10 ஆகியிருந்தது. 187 மணித்தியாலங்களும் 28 நிமிடங்களும் அவர் பூங்காவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஓடிய தூரம் 1487 மைல், ஏறத்தாழ 2400 கிலோமீற்றர். பருத்தித்துறைக்கும் தேவேந்திரமுனைக்கும் இடையே நேர்கோடு ஒன்று இழுத்தால், அந்தக் கோட்டின் ஐந்து மடங்கை விட அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், மணித்தியாலத்துக்குப் பதின்மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. சந்தைக்குப் போய்வரும் ஒருவர் அவசரமில்லாமல் மிதிக்கும் வேகம்தான் அது. அன்று அந்தப் பூங்காவில் பரீட்சைக்கு வந்தது வேகம் அல்ல. ஏழு இரவுகளுக்கு மேல் உறக்கத்தைத் தள்ளிவைத்து, இருக்கையில் தோல் உரிய, கைப்பிடியில் விரல்கள் விறைக்க, சுற்றிய பாதையையே மறுபடியும் மறுபடியும் சுற்ற ஒரு மனிதனால் முடியுமா என்பதுதான் கேள்வி. சைக்கிளுக்கு ஒரு குணம் உண்டு. ஓடும் வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். ஓட்டுபவர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் இருவரும் மண்ணில்.

அந்த மனிதர் தொழிலால் சட்டத்தரணி. பிறந்த ஊர் வல்வெட்டித்துறை. முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் கின்னஸ் புத்தகத்துக்கும் அவர் குமார் ஆனந்தன். எங்கள் மக்களுக்கு ஆழிக்குமரன் ஆனந்தன்.

வடமராட்சியில் இன்று நாற்பது வயதைத் தாண்டாத பலருக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். ஏதோ ஒரு கடலை நீந்திக் கடந்தவர், எங்கேயோ ஒரு கடலில் இறந்தவர் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு கடல்களுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது.

கடலைப் பார்த்த ஊர்

ஆனந்தன் பிறந்தது 1943 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி. அப்போது வல்வெட்டித்துறை என்றால் கப்பலோட்டிகளின் ஊர். அவர் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான், அந்த ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சனுக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் சமுத்திரங்களைக் கடந்து, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்திருந்தது. காற்றின் பெயரை வைத்துக் காலத்தைச் சொல்லும் ஊர் அது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற நான்கு சொற்களும் அங்கே பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் முன்னரே பழகிவிடும் சொற்கள்.

கப்பலோட்டுவதும் மீன்பிடிப்பதும் ஒன்று. அதே கடலில் வள்ளம் இல்லாமல், வெறும் உடம்போடு இறங்கி மறுகரைக்குப் போவது வேறொன்று. அதற்கும் அயலூரிலேயே ஒரு முன்னோடி இருந்தார். தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணித்தியாலங்களில் நீந்திச் சென்றார். அப்போது ஆனந்தனுக்குப் பத்து வயது. பத்து வயதுப் பையனின் கண்ணெதிரே அயலூர்க்காரர் ஒருவர் இந்தியா வரை நீந்திப் போகிறார். அதற்குப் பிறகு அந்தப் பையனுக்குக் கடல் வெறும் அடிவானமாக இருந்திருக்க முடியாது. அதற்கு ஒரு மறுகரை உண்டு, அங்கே கையால் போய்ச் சேரலாம் என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டது.

வங்காளத்தில் பிறந்த பாரிஸ்டர் மிகிர் சென் 1966 ஆம் ஆண்டு ஏப்ரலில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலை 25 மணித்தியாலங்கள் 36 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். ஆக, பாக்கு நீரிணையைக் கடப்பது மட்டும் இனிப் புதிய சாதனை ஆகாது என்ற நிலை வந்திருந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான். போய்ச் சேர்ந்த கரையில் தங்கிவிடாமல், வந்த வழியே திரும்பி நீந்துவது.

ஐம்பத்தொரு மணித்தியாலங்கள்

1971 ஆம் ஆண்டு ஆனந்தன் அதைச் செய்தார். இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கும், அங்கிருந்து மீண்டும் இலங்கைக் கரைக்கும் 51 மணித்தியாலங்களில் நீந்தினார். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணித்தியாலங்கள். அந்த ஆண்டில்தான் அவர் இருபத்தெட்டு வயதை எட்டினார். அவரது பெயரை உலகச் சாதனைப் பட்டியலில் ஏற்றியது இந்த நீச்சல்தான்.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழம் குறைந்தது என்பதால் சாதுவானது என்று எங்கள் கடலோடிகள் யாரும் சொல்லமாட்டார்கள். பருவக் காற்று மாறும்போது நீரோட்டமும் திசை மாறும். இரண்டு பருவங்களுக்கும் நடுவில், கடல் கொஞ்சம் அடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களைத்தான் நீச்சல்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தண்ணீர் சூடானது, ஆகவே குளிரில் விறைக்கும் பயம் இல்லை. மாறாக மேலே வெயில், உடம்பைச் சுற்றி உப்பு. மணித்தியாலக் கணக்கில் உப்பு நீரில் கிடந்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும், விழுங்குவதே வேதனையாகும். அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசி உரசிப் புண்ணாகும், அந்தப் புண்ணில் உப்பு ஏறும். இரவில் சொறிமுட்டைகள் உடம்பில் பட்டுக் கொதிக்கும். கடற்பாம்பும் உண்டு.

இப்படியான நீச்சலுக்குப் பெரிய உபகரணங்கள் கிடையாது. ஒரு நீச்சல் காற்சட்டை, தொப்பி, கண்ணாடி, தோல் உரியாமலிருக்க உடம்பில் பூசும் கொழுப்பு. மிக முக்கியமானது பக்கத்தில் வரும் படகு. திசை காட்டுவதும், பானமும் உணவும் கொடுப்பதும், நீந்துபவரின் கண்ணையும் பேச்சையும் கவனித்து அவர் இன்னும் நிதானத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பதும் படகில் இருப்பவர்களின் வேலை. ஆனால் நீந்துபவர் அந்தப் படகைத் தொடக்கூடாது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஓய்வு மிதந்து வருகிறது, அதைத் தொட்டால் அத்தனை மணித்தியால உழைப்பும் கணக்கில் இல்லாமல் போய்விடும். நெடுந்தூர நீச்சலின் மிகக் கடினமான விதி இதுதான் என்று சொல்லலாம்.

போன கரையில் மணலை மிதித்த பின் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்குவதற்குத் தேவைப்படும் மனவலிமை இன்னொரு கணக்கு. ஒருவழி நீச்சலில் கரை தெரிந்ததும் உடம்பில் மிச்சமிருக்கும் சக்தி எல்லாம் வெளியே வரும், ஏனென்றால் அது முடிவு. இருவழி நீச்சலில் அதே கரை பாதிவழி மட்டுமே.

ஒற்றைக் காலும் எட்டு அடிச் சதுரமும்

அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் ஆனந்தன் தன் உடம்பைக் கேள்வி கேட்கும் வழிகளைக் கடலுக்கு வெளியேயும் தேடினார். நாட்கணக்கில் இடைவிடாமல் ட்விஸ்ட் நடனம் ஆடினார். விகாரமகாதேவி பூங்காவில் சைக்கிள் ஓடினார். கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலங்கள் நின்றார். தூக்கிய கால் ஊன்றிய காலில் முட்டக்கூடாது, எதிலும் சாயக்கூடாது, எதையும் பிடிக்கக்கூடாது என்பது அதன் விதி. 1981 ஆம் ஆண்டு சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலங்கள் நின்ற நிலையில் மிதந்தார். எட்டு அடிச் சதுரம் ஒன்றுக்குள், எல்லைக் கயிற்றைத் தொடாமல், உடம்பை நிமிர்த்தி, கால்களை உதைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இவற்றைக் கேட்கும் சிலர் சிரிப்பதுண்டு. ஒற்றைக் காலில் நிற்பதும் ஒரு விளையாட்டா என்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு உண்மையும் இருக்கிறது. இவை ஒலிம்பிக் போட்டிகள் அல்ல. மைதானமும் பயிற்றுநரும் ஊதியமும் உள்ள தொழில்முறை விளையாட்டும் அல்ல. அதேவேளை, இவற்றுக்குத் தேவைப்பட்டவை என்னவென்று பாருங்கள். ஒரு சைக்கிள். ஒரு பூங்கா. ஒரு குளம். இரண்டு கால்கள். வசதியான நாடுகளின் வீரர்களுக்குக் கிடைத்த ஆய்வுகூடமும் பயிற்சி முகாமும் இல்லாத ஒருவர், எல்லாருடைய வீட்டிலும் இருப்பதை வைத்தே உலகப் புத்தகம் ஒன்றில் தன் பெயரைப் பதித்தார். ஏழு சாதனைகள் அவர் பெயரில் எண்ணப்படுகின்றன.

சாதனைகள் நிலைத்திருப்பதில்லை. ஒற்றைக் காலில் நின்ற 33 மணித்தியாலங்களை, 1982 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தில் என். ரவி என்பவர் ஒரேயொரு மணித்தியாலம் கூடுதலாக நின்று கடந்தார். சைக்கிளில் ஓடிய 187 மணித்தியாலங்களை, 1983 ஆம் ஆண்டு போர்த்துக்கலைச் சேர்ந்த கார்லோஸ் வியெய்ரா 191 மணித்தியாலங்களாக உயர்த்தினார். புத்தகத்தில் பெயர் அழிந்து வேறு பெயர் வரும் என்பது இந்த உலகத்துக்குள் வருபவர் எல்லாருக்கும் தெரியும். ஆனந்தனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் நெடுந்தூர நீச்சல்காரர்களின் உலகில் அழியாத பட்டியல் ஒன்று உண்டு. அது ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்களின் பட்டியல்.

பழக்கமில்லாத கடல்

இங்கிலாந்தின் டோவர் கரைக்கும் பிரான்ஸின் கிறி-நே முனைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 34 கிலோமீற்றர். ஆனந்தன் 1971 இல் நீந்தியதோடு ஒப்பிட்டால் பெரிய தூரம் அல்ல. 1875 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கப்டன் மத்தியூ வெப் 21 மணித்தியாலங்கள் 45 நிமிடங்களில் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார். 1958 ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரஜன் தாஸும், அடுத்த மாதமே மிகிர் சென்னும் கடந்தார்கள். எங்கள் பிராந்தியத்து உடம்புகளாலும் அது முடியும் என்பது நிரூபணமாகியிருந்தது.

அந்தக் கடலின் கடினம் தூரத்தில் இல்லை. ஆகஸ்ட் மாதத்திலும் அங்கே தண்ணீரின் வெப்பநிலை 16, 17 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். பாக்கு நீரிணையில் அது 28 பாகையைச் சுற்றி நிற்கும். காற்றைவிடப் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்பின் சூட்டை இழுத்தெடுக்கும். நீந்திக்கொண்டே இருந்தால் உடம்பு சூடாகும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. களைத்து வீச்சு குறையும்போது சூடும் குறையும். உள்ளுடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் முதலில் தடுமாறுவது அறிவு. நீந்துபவருக்கே தான் ஆபத்தில் இருப்பது விளங்காமல் போகும். தொடர்ந்து போக முடியும் என்றே நினைப்பார். அதனால்தான் கால்வாய் நீச்சல்காரர்கள் வாரக்கணக்கில் டோவர் துறைமுகத்தின் குளிர்ந்த நீரில் கிடந்து உடம்பைப் பழக்குவார்கள், உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்வார்கள். குளிரைத் தடுக்கும் இறப்பர் ஆடைக்கு அங்கே விதிப்படி இடமில்லை. அதே காற்சட்டை, தொப்பி, கண்ணாடி, பூச்சுக் கொழுப்பு மட்டும்தான்.

இதற்கு மேல் நீரோட்டம். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அது திசை மாறும். நேராகப் போக நினைப்பவரை முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் இழுத்துச் செல்லும். கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே கைக்கு எட்டாமல் விலகும். நடுவே உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று.

1984 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41.

கால்வாயை முதலில் வென்ற மத்தியூ வெப்பின் முடிவும் தண்ணீரில்தான். 1883 ஆம் ஆண்டு நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள சுழல் நீரோட்டத்தை நீந்திக் கடக்க இறங்கி, 35 வயதில் மாண்டார். இப்படியான மனிதர்களுக்கு அடுத்த தண்ணீர் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் இறங்காமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கடினம்.

இரண்டு செய்திகள் வந்த ஆகஸ்ட்

அந்த ஆகஸ்ட் சாதாரண ஆகஸ்ட் அல்ல. கறுப்பு ஜூலை நடந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. வடக்கில் கெடுபிடிகள் இறுகிக்கொண்டிருந்தன. வெளியில் இருந்து வல்வெட்டித்துறையைப் பார்ப்பவர்களுக்கு அது கப்பலோட்டிகளின் ஊராகவோ நீச்சல்காரர்களின் ஊராகவோ தெரிவது நின்று போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரின் பெயர் செய்திகளில் வரும்போது அதனோடு சேர்ந்து வந்தது போர்.

ஆனந்தன் நீந்திய பாக்கு நீரிணையும் வேறொன்றாக மாறியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கடலை எத்தனையோ ஆயிரம் பேர் இரவில், சாதனைக்காக அல்ல, உயிருக்காகக் கடந்தார்கள். குழந்தைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, வள்ளத்தில் நெருக்கியடித்து இருந்து போனவர்கள். எல்லாரும் மறுகரையை மிதிக்கவில்லை. போகாமல் இருந்தவர்களுக்குக் கடல் தடைசெய்யப்பட்ட இடம். மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் மக்களிடமிருந்து போய், 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதில் கால் நனைக்க முடியாமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் கரையெங்கும் இருக்கிறார்கள்.

சைக்கிளும் அப்படித்தான். எரிபொருளுக்குத் தடை வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் எல்லாம். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும், விறகு கொண்டு வந்ததும், இடம்பெயர்ந்தபோது ஒரு வீட்டின் மிச்சத்தை முழுவதுமாகச் சுமந்ததும் அதுதான். அந்தத் தலைமுறை மிதித்த மைல்களை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் விகாரமகாதேவி பூங்காவின் 1487 மைல் அதற்குள் சின்னதாகிப் போயிருக்கும்.

இவ்வளவையும் கடந்து வந்தவர்களுக்கு, விரும்பிப்போய்க் களைத்த ஒரு மனிதரின் கதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

என் மனதில் படுவது இது. எங்களுடைய சாவுகளை நாங்கள் இரண்டு வகையாகத்தான் எண்ணப் பழகியிருக்கிறோம். ஒன்று தியாகம், மற்றது கொடுமை. ஆனந்தனின் சாவு இரண்டிலும் சேராது. அவரை யாரும் அனுப்பவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. அந்தக் கடலைக் கடக்கவேண்டும் என்பது அவருடைய சொந்த ஆசை. அந்த ஆசைக்காக அவர் கொடுத்த விலை பெரியது, அவரை நேசித்தவர்களும் அதைச் சேர்ந்தே கொடுத்தார்கள். அதைப் பெருமை என்று மட்டும் சொல்லி மூடிவிடக்கூடாது. ஆனாலும், தன் உடம்பைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்த ஒரு தமிழனால் முடிந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. கடலும் சைக்கிளும் அப்போது விளையாட்டுப் பொருள்களாகவும் இருந்தன. உயிர் தப்புவதற்கான வழிகளாக மட்டும் இருக்கவில்லை.

ரேவடிக் கரையில்

வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் இன்று ஆழிக்குமரன் ஆனந்தனின் நினைவாக நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் கடல், கரையோரத்தில் அந்தத் தடாகம். ஒரு மனிதருக்குச் சிலை வைப்பதைவிட இது பொருத்தமான நினைவு. சிலையைப் பார்க்கலாம், மாலை போடலாம், அவ்வளவுதான். தடாகத்தில் இறங்கலாம்.

அங்கே இறங்கும் பிள்ளைகளுக்கு அவருடைய சாதனைப் பட்டியலை ஒப்புவிக்கச் சொல்லத் தேவையில்லை. அந்த எண்களில் சில எப்போதோ முறியடிக்கப்பட்டுவிட்டன. சொல்லிக்கொடுக்க வேண்டியவை வேறு. நவரத்தினசாமி முன்னே போனதால்தான் ஆனந்தனுக்கு மறுகரை தெரிந்தது என்பதைச் சொல்லலாம். 51 மணித்தியாலம் நீந்தியவருக்கும் பக்கத்தில் ஒரு படகு தேவை, அதில் உண்மையைச் சொல்லக்கூடிய ஆட்கள் தேவை என்பதைச் சொல்லலாம். பழகிய கடலில் பெற்ற பலத்தைப் பழகாத கடல் கணக்கில் எடுக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது அவரது வாழ்க்கையின் கடைசிப் பாடம், அவர் மிக அதிக விலை கொடுத்துப் படித்த பாடம்.

பிறகு பிள்ளைகளைத் தண்ணீருக்குள் விடலாம். இந்தக் கரையில் பிறந்த ஒரு பிள்ளைக்குத் தண்ணீரில் மிதக்கத் தெரிந்திருப்பதே, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, சின்ன விடயம் அல்ல.